உயிருள்ளவர் பெயர் கூடாது

வயர்லெஸ்ஸில் முதலில் வந்தது காற்றின் இரைச்சல்தான். அதற்குள்ளிருந்து தாவூத்தின் குரல் துண்டு துண்டாகக் கேட்டது.

"வண்டி போயிருச்சுக்கா. பனிப்பிளவுக்குள்ள இறங்கிருச்சு. நாங்க வெளிய தெறிச்சு விழுந்துட்டோம். இன்பராஜ் சாருக்குக் கால் ஒடஞ்சிருக்கு."

சொர்ணலதா காதில் மாட்டியிருந்த கருவியை இரண்டு கைகளாலும் அழுத்திக்கொண்டாள். தென்துருவக் கண்டத்தின் கரையோரப் பாறை ஒன்றின்மேல் நின்றது அந்த ஆய்வு நிலையம். அவள் அங்கே வரைபட அதிகாரி. தூத்துக்குடிக்காரி. குளிர்காலம் தொடங்கப்போகிறது, கடைசிக் கப்பல் போய்விட்டது. அடுத்த கப்பல் வரும்வரை நிலையத்தில் இருப்பவர்களுக்கு அவர்களேதான் துணை.

"எந்த இடம், தாவூத்?"

"வலம்புரியில. வளைவு தாண்டி, ரெண்டு கறுப்புப் பாறைக்கு நடுவுல."

வலம்புரி என்பது எந்த வரைபடத்திலும் இல்லாத பெயர். அவளாக வைத்தது. கண்டத்தின் நடு மேட்டிலிருந்து வழிந்துவரும் பனி, அங்கே இரண்டு கரிய முகடுகளுக்கு இடையே புகுந்து, சங்கின் சுழிபோல வலப்பக்கமாகத் திரும்பி, செங்குத்தான பனிச்சரிவில் உடைந்து இறங்கும். கீழே ஓல்ஸ்ரூட் என்ற பெரிய பனியாற்றின் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொள்ளும். வெகுகாலம்வரை அதை ஓல்ஸ்ரூட்டின் கிளை என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

"கொக்கை அனுப்புங்கக்கா, சீக்கிரம்," என்றான் தாவூத். "டென்ட் ஒண்ணு கையில மாட்டிச்சு. அடுப்பு இருக்கு, எண்ணெய் கொஞ்சமாத்தான் இருக்கு. காத்து ஏறிக்கிட்டே போவுது."

கொக்கு என்பது நிலையத்தின் ஆளில்லா விமானம். நீண்ட கால்களோடு பனியில் நிற்பதைப் பார்த்து யாரோ வைத்த பெயர்.

"தாவூத், அது அங்க வராது."

"ஏன், ரிப்பேரா?"

"ரிப்பேர் இல்ல. பேர் இல்லாத நிலத்துல அது இறங்காது."

தாவூத் நாகூர்க்காரன். நிலையத்தின் வண்டிகளை ஓட்டுவதும் பழுது பார்ப்பதும் அவன் வேலை. துருவத்தில் அவனுக்கு இது முதல் பருவம். வாய் ஓயாமல் பேசுகிறவன், சட்டென்று கோபம் வருகிறவன்.

"என்னக்கா இது, கிறுக்குத்தனமா இருக்கு. ஆளு செத்துக்கிட்டிருக்கான், அது பேரு கேக்குதா?"

"முன்னால கனிமம் தோண்டுதவங்க இப்படித்தான் செஞ்சாங்க. ஆபத்து, உயிர் போவுதுன்னு சொல்லி எந்திரத்தை இறக்கிட்டு, அங்கனயே கொட்டகை போட்டு உக்காந்துருவாங்க. அதனாலதான் பேரில்லாத நிலத்துல பறந்து வார எந்த எந்திரமும் இறங்கக் கூடாதுன்னு எல்லா நாடும் சேந்து பூட்டு போட்டுட்டாங்க. அந்தப் பூட்டு கொக்கோட மூளைக்குள்ளயே இருக்கு. நம்மால திறக்க முடியாது."

"அப்ப ஒரு பேரு வைங்க."

பெயர் வைக்கிற அதிகாரம் பெயரகத்துக்குத்தான் உண்டு. கண்டத்தின் ஒவ்வொரு மலைக்கும் பனியாற்றுக்கும் பெயர் தருவதும் மறுப்பதும் அந்த உலக அலுவலகம்தான். வலம்புரி என்ற பெயரை அவள் இரண்டு முறை எழுதி அனுப்பினாள். ஒரு நாடு பெயர் வைத்தால் நாளைக்கு உரிமை கொண்டாடும் என்று இன்னொரு நாடு மறுத்துவிட்டது. ஆனால் கூடவே அவள் அனுப்பிய ஆய்வை மட்டும் பெயரகம் ஏற்றுக்கொண்டது. இரண்டு பனிக்கும் நடுவே அடியில் ஒரு பாறைச் சுவர் ஓடுகிறது, பக்கத்தில் பக்கத்தில் நகர்ந்தாலும் அவை கலப்பதில்லை, இது தனிப் பனியாறு என்று அவள் நிறுவியிருந்தாள். அன்றிலிருந்து அது ஓல்ஸ்ரூட்டின் பகுதி இல்லை. திரையில் நீல நிறத்தில் இருந்த அந்தப் பட்டை, பெயரில்லாத நிலத்துக்கான சாம்பல் நிறமாகிவிட்டது. அப்போது அவள் அதைத் தன் வெற்றி என்று நினைத்து எல்லோருக்கும் கேசரி கிண்டிக் கொடுத்தாள்.

"பக்கத்துல பேருள்ள இடம் எது?" இந்த முறை பேசியது இன்பராஜ். பனி ஆய்வாளன், திருச்சிக்காரன், வலியை அடக்கிக்கொண்டு பேசுவது தெரிந்தது.

"ஓல்ஸ்ரூட்தான், இன்பராஜ். சரிவுக்குக் கீழ."

"அந்தச் சரிவுல ரெண்டு காலும் நல்லா இருக்கறவனே இறங்க முடியாது."

"தெரியும். வயர்லெஸ்ஸை அணைச்சிராதீங்க. நான் திரும்பப் பேசுதேன்."

அவள் முதலில் பெயரகத்தின் இணைப்பைத் திறந்தாள். அங்கே பேசுவது மனிதர் அல்ல. எந்த மொழியில் கேட்டாலும் அந்த மொழியிலேயே மரியாதையாகப் பதில் சொல்லும் குரல் அது. சாம்பல் பட்டையை மறுபடியும் ஓல்ஸ்ரூட்டோடு சேர்த்துவிடும்படி கேட்டாள்.

"அது தனிப் பனியாறு என்பதற்கான ஆதாரம் எங்களிடம் உள்ளது," என்றது குரல். "ஆதாரம் தந்தவர் நீங்களே."

"நான் தப்பா அளந்துட்டேன்."

"உங்கள் அளவைகளை மூன்று நாடுகள் சரிபார்த்துள்ளன. அவற்றில் தவறில்லை."

அவள் திரும்பியபோது வாசலில் பஞ்சாட்சரம் நின்றிருந்தார். நிலையத்தின் தலைவர். ஒல்லியான, பேசுவதற்கு முன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றுகிற மனிதர். கண்ணாடி ஏற்கெனவே கையில் இருந்தது.

"எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுதான் நின்னேன்," என்றார். "நம்மகிட்ட இருக்கற இன்னொரு பனிவண்டி அந்தக் காத்துல மேல ஏறாது. அனுப்பினா மாட்டிக்கிட்டவங்க நாலு பேரா ஆயிடும்."

"இன்னொரு வழி இருக்கு சார்."

"இருக்கு. அதை நான் என் வாயால சொல்ல மாட்டேன்."

பெயரகத்தின் சட்டத்தில் முதல் வரி, உயிருள்ளவர் பெயர் எந்த நிலத்துக்கும் கூடாது என்பது. அதற்கு அடுத்தே விதிவிலக்கு ஒன்று இருந்தது. பெயரில்லாத இடத்தில் ஒருவர் இறந்துபோனால் அந்த இடத்துக்கு அவர் பெயர் அப்போதே விழும். உடலை எடுத்துவர எந்திரத்துக்கு வழி திறக்கும்.

"செத்தவனை எடுக்க கொக்கு போகும். உயிரோட கிடக்கவனை எடுக்கப் போகாது. இதை எழுதினவங்களுக்கு மனசுன்னு ஒண்ணு இருந்துச்சா சார்?"

"இருந்துச்சு. ஆபத்துன்னு பொய் சொல்றவன், இறந்துட்டான்னும் பொய் சொல்லுவானேன்னு யோசிச்சிருக்காங்க. அதனாலதான் திரும்ப எடுக்க முடியாதபடி வச்சாங்க. ஒரு தடவை பேரு விழுந்துட்டா அந்த மனுஷனோட அடையாள எண் அன்னைக்கே மூடிடும். அப்புறம் அவன் நேர்ல போய் நின்னாலும் எந்த நாடும் அவனை எழுதிக்காது. வேலை கிடையாது, ஆஸ்பத்திரி கிடையாது, கல்யாணம் கூடச் செல்லாது. அந்த விலையைக் கொடுத்துப் பொய் சொல்ல எவன் வருவான்?"

"உயிர் போற இடத்துல இருக்கவன் வருவான்."

பஞ்சாட்சரம் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "பொய்ச் சாட்சிக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன், சொர்ணலதா. உன்னைத் தடுக்கவும் மாட்டேன். இதுக்கு மேல என்கிட்ட எதிர்பாக்காதே." போகும்போது கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார். அது அவளுக்கு இன்னும் கோபத்தைத் தந்தது.

வயர்லெஸ்ஸில் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். மறைக்காமல் சொன்னாள். யாராவது ஒருவர் இறந்துபோனதாகச் சொல்ல வேண்டும். வெறும் வாய்வார்த்தை போதாது. ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் இருக்கும் கைப்பட்டை நாடித்துடிப்பை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. அது அடங்கிக் குளிர்ந்து கொஞ்ச நேரம் கிடக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பெயரகம் நம்பும்.

"பட்டையைக் கழட்டினா உடுப்புல சூடும் நின்னு போயிடும்," என்றான் இன்பராஜ். உடுப்புக்குள் ஓடும் வெப்பக் கம்பிகளை இயக்குவதும் அந்தப் பட்டைதான்.

"ஆமா."

"என் பேரைப் போடுங்க."

"சும்மா கெடங்க சார்," என்று தாவூத்தின் குரல் குறுக்கே பாய்ந்தது. "இவருக்கு இப்பவே உதடு நீலமா இருக்குக்கா. பட்டையைக் கழட்டினா பொய்யா ஒண்ணும் சாக மாட்டாரு, நெசமாவே போயிருவாரு. என்னோடதைக் கழட்டுறேன்."

"தாவூத், கொஞ்சம் யோசிச்சு..."

"யோசிக்கத்தான் எண்ணெய் இல்லையே."

சொர்ணலதாவுக்கு அவன் வீட்டு நிலவரம் தெரியும். வெள்ளிக்கிழமைதோறும் பொதுக்கூடத்தில் உட்கார்ந்து மனைவி ஜொகராவோடு சத்தம் போட்டுப் பேசுவான். பாதி நேரம் சண்டை. மகள் நடுவில் வந்து போனைப் பிடுங்கிக்கொள்ளும்.

"அக்கா, ஒண்ணே ஒண்ணு," என்றான் அவன். "பேரு விழுந்த உடனே பெயரகம் வீட்டுக்குத் தகவல் அனுப்பிருமாமே. அதுக்கு முன்னாடி நீங்க ஜொகராகிட்டப் பேசிருங்க. பொய்யின்னு சொல்லிருங்க. அவ நெஞ்சு தாங்காது."

"நான் சொல்லுதேன். முதல் வேலை அதுதான்."

"சரி. கழட்டுறேன்."

திரையில் இரண்டு துடிப்புக் கோடுகள் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றில் ஒன்று துள்ளி, நெளிந்து, நேர்கோடானது.

அதற்குப் பிறகு செய்ய ஒன்றுமில்லை, காத்திருப்பதைத் தவிர. ஜன்னலுக்கு வெளியே அடிவானத்தை ஒட்டி உருண்ட சூரியன் பழுப்பாகக் கிடந்தது; புயல் தூக்கிய பனித்தூள் அதையும் மெல்ல மெல்ல மறைத்தது. வயர்லெஸ்ஸில் இன்பராஜ் தாவூத்தைத் தூங்கவிடாமல் எதையாவது கேட்டுக்கொண்டே இருந்தான். நாகூரில் எந்தக் கடையில் பரோட்டா நன்றாக இருக்கும், முதல் வண்டி எது, யார் ஓட்டக் கற்றுக்கொடுத்தது. முதலில் தாவூத் விலாவாரியாகப் பதில் சொன்னான். பிறகு சுருக்கினான். பிறகு "ம்" என்றான். அந்த "ம்" தள்ளித் தள்ளி வந்தது.

"இன்பராஜ், அவரை அடிங்க," என்றாள் சொர்ணலதா. "கன்னத்துல அடிங்க."

அடிக்கும் சத்தம் கேட்டது. "ம்," என்றான் தாவூத்.

பெயரகத்தின் குரல் அப்போதுதான் வந்தது. "ஒரு துடிப்பு நின்றிருப்பதைக் கவனித்தோம். மரணத்தை அறிவிக்கிறீர்களா?"

"அறிவிக்கிறேன்."

"இறந்தவரின் பெயர்?"

"தாவூத் கனி."

"உறுதி செய்தவர்?"

"கூட இருந்தவர், இன்பராஜ். பொறுப்பேற்பது வரைபட அதிகாரி சொர்ணலதா."

"இந்த அறிவிப்பைத் திரும்பப் பெற இயலாது. தொடரலாமா?"

வயர்லெஸ்ஸின் சத்தத்தை அவள் குறைத்து வைத்திருந்தாள். அதற்குள்ளிருந்து மெலிதாக இன்னொரு "ம்" வந்தது.

"தொடரலாம்."

"உங்கள் இழப்புக்கு வருந்துகிறோம்," என்றது குரல். திரையில் சாம்பல் பட்டை மேலிருந்து கீழாக நீலமானது. வளைவின் ஓரமாக எழுத்துகள் வந்து உட்கார்ந்தன: தாவூத் கனி பனியாறு.

கொக்கு கொட்டகையை விட்டுக் கிளம்பிய அதிர்வு தரையில் தெரிந்தது. அவள் அதைப் பார்க்கப் போகவில்லை. நாகூருக்கு இணைப்புப் போட்டாள். மணி அடித்தது. ஒருமுறை, இருமுறை. யாரோ எடுத்து "அலோ" என்றார்கள், பெண் குரல். "ஜொகராவா? நான் சொர்ணலதா பேசுதேன், தாவூத் கூட..." என்று அவள் தொடங்கினாள்.

புயல் அப்போது கூரைமேல் இருந்த அலைவாங்கியைச் சாய்த்தது. இணைப்புச் செத்துப்போனது.

கொக்கு இருவரையும் கொண்டுவந்து சேர்த்தது. உடலை எடுத்துவரத் தயாரான எந்திரம் என்பதால் அதன் அறையில் சூடு இல்லை. இன்பராஜ் தன் உடுப்பைத் திறந்து தாவூத்தை மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு கிடந்தான். இருவரையும் பிரித்தெடுக்க நேரமானது. இன்பராஜின் கால் பிழைத்தது. தாவூத்தின் இடதுகையில் இரண்டு விரல்களையும் ஒரு காதின் விளிம்பையும் மருத்துவர் வெட்டி எடுத்தார்.

அலைவாங்கியை நிமிர்த்த ஒரு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. அதற்குள் பெயரகத்தின் தகவல் நாகூருக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

தாவூத் கட்டுப்போட்ட கையோடு பொதுக்கூடத்தில் உட்கார்ந்து பேசினான். சொர்ணலதா பக்கத்தில் இருந்தாள்.

"ஜொகரா, நான்தான்ம்மா. உயிரோடதான் இருக்கேன். அழாதே, நான் சொல்றதைக் கேளு."

மறுமுனையில் அழுகை இல்லை. "நீங்க மூணாவது ஆளு," என்றாள் ஜொகரா நிதானமாக.

"என்னது?"

"மௌத்தானவங்க குரலைப் பேச வச்சு விக்கிற கம்பெனிதானே? இதுக்கு முன்னாடி ரெண்டு பேரு கூப்பிட்டாங்க. ரெண்டு பேரும் இதே மாதிரி 'அழாதே'ன்னுதான் ஆரம்பிச்சாங்க."

"அடியே, நான் தாவூத். ஒன் மச்சான்." அவர்களுக்கு மட்டுமே தெரிந்த ஏதேதோ விஷயங்களை அவன் மளமளவென்று சொன்னான். சொர்ணலதா எழுந்து தள்ளிப் போய் நின்றாள்.

"அதெல்லாம் அவரு வெள்ளிக்கிழமை போன்ல பேசினதுதான்," என்றாள் ஜொகரா. "போன்ல இருக்கற எல்லாத்தையும் உங்களுக்கு வித்துட்டாங்க. அவரு மௌத்துக்குத் துக்கம் காத்து நான் இத்தாவுல இருக்கேன். இனிமே கூப்பிடாதீங்க. புள்ளை கேட்டுட்டா ராத்திரி பூரா தூங்க மாட்டேங்குது."

சொர்ணலதாவும் பேசிப் பார்த்தாள். நீங்களும் அந்தக் கம்பெனிதானா என்று கேட்டுவிட்டு ஜொகரா வைத்துவிட்டாள். பெயரகமே இறந்துவிட்டான் என்று சொன்ன ஒருவனை உயிரோடு இருப்பதாக எந்தக் குரலும் நம்பவைக்க முடியவில்லை. முகத்தைக் காட்டினாலும் அதுவும் செய்து காட்டக்கூடியதுதானே. சில நாள் கழித்து ஜொகராவின் போன் எண்ணே வேலை செய்யவில்லை.

குளிர்காலம் முழுக்க தாவூத் அதிகம் பேசவில்லை. நிலையத்தின் எந்தக் கதவும் அவனுக்குத் திறக்காது. கதவுகள் அடையாள எண்ணைப் பார்த்துத் திறப்பவை. அவனுக்கு எண் இல்லை. சமையலறைக்கோ குளியலறைக்கோ போக யாராவது கூட வர வேண்டும். ஊன்றுகோலோடு நொண்டிக்கொண்டு இன்பராஜ்தான் பெரும்பாலும் வந்தான். இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை. ஒருமுறை மட்டும், தனக்காகக் கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்ற சொர்ணலதாவிடம் தாவூத் சொன்னான்: "நீங்க சொல்றேன்னு சொன்னீங்கக்கா." குற்றம் சாட்டுகிற தொனிகூட அதில் இல்லை. அவள் தலையசைத்தாள். புயலைக் காரணம் காட்ட வாய் வரவில்லை.

கோடையில் கப்பல் வந்தது. அதில் பெயரகத்தின் ஆய்வாளர் ஒருவர் வருகிறார் என்று செய்தி முன்பே வந்துவிட்டது. புதிதாகப் பெயர் விழுந்த இடத்தை நேரில் பார்க்க வருகிறாராம்.

பஞ்சாட்சரம் எல்லோரையும் கூட்டினார். "அவங்க திரும்பிப் போறவரைக்கும் தாவூத் ஜெனரேட்டர் கொட்டகையில இருக்கட்டும். பொய்யின்னு தெரிஞ்சா சொர்ணலதாவுக்கு ஜெயில். நிலையத்தையே மூடுவாங்க."

"கையெழுத்துப் போட மாட்டேன்னு சொன்னீங்களே சார்," என்றான் தாவூத்.

"இப்பவும் போடலியே," என்றார் அவர், அவனைப் பார்க்காமல்.

வந்தவள் ஐம்பது வயதுப் பெண். குட்டையான நரைத்த முடி, யாழ்ப்பாணத்துத் தமிழ். தன் பெயரைச் சொல்லவில்லை. நிலையத்தைச் சுற்றிப் பார்த்தாள், தேநீர் குடித்தாள். ஒவ்வொரு கதவருகிலும் நின்று, மற்றவர் திறந்து முன்னே போகக் காத்திருந்தாள். மரியாதை தெரிந்த மனுஷி என்று சொர்ணலதா நினைத்தாள்.

"இடத்தைப் பாக்க வேணும்," என்றாள் அவள். "நீங்களும் வாங்கோ."

கொக்கு அவர்களை முகடுகளுக்கு நடுவே இறக்கிவிட்டது. சொர்ணலதா அந்தப் பனியாற்றைத் திரையில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள்; அதன்மேல் நின்றது அன்றுதான். மேட்டிலிருந்து வந்த பனி மாபெரும் படிகளாக இறங்கி, வளைவில் சுருங்கி, நீலப் பிளவுகளாக வாய் பிளந்து கிடந்தது. காலுக்கு அடியில் எங்கோ ஆழத்தில் பனி முறியும் சத்தம் கேட்டது. மற்றபடி நிசப்தம்.

"உடம்பை எங்க வச்சிருக்கிறீங்கள்?" என்று கேட்டாள் ஆய்வாளர்.

சொர்ணலதா தயார் செய்து வைத்திருந்த பதில் ஒன்று இருந்தது. அது நாக்கின் நுனிவரை வந்தது. குளிர்காலம் முழுவதும் கதவுக்கு முன்னால் காத்து நின்ற மனிதனை இன்னொரு முறை சாகடிக்க அவளால் முடியவில்லை.

"உடம்பு இல்லம்மா. அவர் சாகல. ஜெனரேட்டர் கொட்டகையில உக்காந்திருக்காரு. நான்தான் பொய் சொன்னேன். மத்த யாருக்கும் இதுல பொறுப்பு இல்ல. அவருக்கு எண்ணைத் திருப்பிக் கொடுங்க, நான் எங்க வேணும்னாலும் வாரேன்."

ஆய்வாளர் பனியில் கால் மாற்றி நின்றாள். "எண்ணைத் திருப்பித் தர ஏலாது. அதை எவராலயும் செய்ய ஏலாது. நீங்கள் சொன்னது எனக்குக் கேக்கேல்லை எண்டு வச்சுக்கொள்ளுறன்."

"ஏன்?"

"இப்பிடிப் பேர் வச்ச பனியாறுகள் இந்தக் கண்டத்தில இருபத்துமூண்டு இருக்கு. அந்தப் பேருக்குரிய ஆக்களில பத்தொன்பது பேரோட நான் இருந்து தேத்தண்ணி குடிச்சிருக்கிறன்."

சொர்ணலதாவுக்கு உடனே புரியவில்லை. புரிந்தபோது, நிலையத்தில் இவள் காத்து நின்ற அந்தக் கதவுகள் நினைவுக்கு வந்தன. "உங்க பேர் என்ன?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"சாந்தரூபி."

மேற்குக் கரையில், ஒரு விரிகுடாவில் போய் விழும் குட்டையான பனியாற்றின் பெயர் அது. எத்தனை முறை அந்தப் பெயரைத் திரையில் நகர்த்தியிருக்கிறாள்.

"என்ரை கூட்டாளிக்கு நுரையீரல்ல தண்ணி. என்ரை பேரைக் குடுக்கிறதை விட வேற வழி இருக்கேல்லை," என்றாள் சாந்தரூபி. "பிறகு ஒரு நாடும் என்னைச் சேர்க்கேல்லை. கடைசியில பெயரகத்தின்ரை வாசலில போய் நிண்டனான். அவையளுக்கு அப்ப ஒரு தலையிடி. எந்த நாட்டு ஆளை ஆய்வுக்கு அனுப்பினாலும் மற்ற நாடு நம்பாது. ஒரு நாட்டுக்கும் சொந்தமில்லாத ஆள் வேணும். உயிரோட இருக்கிறவையில அப்பிடி ஆர் இருக்கினம்?"

"அப்போ பெயரகத்துல இருக்க எல்லாரும்..."

"வெளியில போய் வேலை செய்யிற எல்லாரும்."

காற்று லேசாக எழுந்தது. "இது தெரிஞ்சும் ஏன் சட்டத்தை மாத்தல?" என்றாள் சொர்ணலதா. "உயிரோட இருக்கவங்களை எடுக்க வழி திறந்துவிட ஒரு வரி போதுமே."

"அந்த வரியை எழுதினா, பிறகு எங்களுக்கு ஆள் எங்கயிருந்து வாறது?" சாந்தரூபி அதைக் கசப்பில்லாமல்தான் சொன்னாள். "மேல இருக்கிறவை அப்பிடித்தான் கணக்குப் போடினம். நான் கேட்டுப் பாத்திட்டன். பேரில்லாத பனியாறு இன்னும் நிறையக் கிடக்கு, பிள்ளை."

நிலையத்துக்குத் திரும்பியதும் இருவரும் நேராக ஜெனரேட்டர் கொட்டகைக்குப் போனார்கள்.

தாவூத் சாந்தரூபி சொன்னதை முழுக்கக் கேட்டான். வேலை, தங்க இடம், எந்த நாட்டு எல்லையையும் கடக்க ஒரு சீட்டு. எந்த நாட்டிலும் நிரந்தரமாகத் தங்க அனுமதி இல்லை. வேண்டாம் என்றால் கப்பலில் சரக்குப் பட்டியலில் சடலமாகத்தான் போக முடியும்.

"வீட்டுக்குப் போவலாமா?" என்றான்.

"போய்ப் பாக்கலாம். தங்க ஏலாது. வருசத்தில ஒரு மாசம், விருந்தாளி மாதிரி."

"என் பொண்டாட்டியை நான் மறுபடி நிக்காஹ் பண்ணிக்க முடியுமா?"

சாந்தரூபி முதன்முறையாகச் சிரித்தாள். "செத்த ஆக்கள் கலியாணம் கட்டக் கூடாதெண்டு ஒரு சட்டத்திலயும் எழுதேல்லை. ஒருத்தரும் கேட்டதும் இல்லை."

அவன் எழுந்து தன் பையை எடுத்துக்கொண்டான். இன்பராஜ் கடைசிக் கதவையும் திறந்துவிட்டான். கப்பல் மேடையில் இருவரும் நெடுநேரம் கட்டிக்கொண்டு நின்றார்கள். மேலே ஏறும் முன் தாவூத் சொர்ணலதாவின் பக்கம் திரும்பி, போய் வருகிறேன் என்பதுபோலக் கையைத் தூக்கினான்.

அந்தப் பருவம் முடிவதற்குள் சொர்ணலதா தான் செய்ததை முழுக்க எழுதி, பெயரகத்துக்கும் நாலைந்து நாட்டுச் செய்தித்தாள்களுக்கும் அனுப்பினாள். சாந்தரூபி பெயரையும் மற்றவர்கள் பெயரையும் எழுதவில்லை. தன் பெயரை மட்டும் எழுதினாள். பஞ்சாட்சரம் அதைப் படித்துவிட்டு, இந்த முறை கேட்காமலே கீழே கையெழுத்திட்டார். பதிலாக வந்தது விசாரணைக்கான அழைப்பு. இன்னும் இரண்டு கப்பல்களுக்குப் பிறகு அவள் போக வேண்டும்.

அழைப்பு வந்த வாரத்தில் நாகூரிலிருந்து, தெரியாத எண் ஒன்றிலிருந்து, அவளுக்குப் போன் வந்தது.

"நான் ஜொகரா."

சொர்ணலதா எழுந்து நின்றுவிட்டாள். "வந்துட்டாரா?"

"வந்தாரு. ஒரு மாசம் இருந்துட்டு நேத்துதான் போனாரு. கதவைத் திறந்தப்பவும் நான் நம்பல. ஏதாவது பேசுவாரு, உடனே சாத்திரலாம்னு நின்னேன். வாயே திறக்கல. அப்படியே நின்னு நடுங்குறாரு. அந்தக் கம்பெனி குரலெல்லாம் நிறுத்தாம பேசும். அப்பத்தான் எனக்குத் தெரிஞ்சுச்சு."

"ஜொகரா, முன்னாலயே நான் உங்ககிட்ட..."

"இணைப்பு அறுந்து போச்சுன்னு அவரு சொன்னாரு. அவரு உயிரோட இருக்கறதுக்கு நீங்கதான் காரணம்னும் சொன்னாரு. எல்லாம் சரிதான். ஆனா நான் என் புள்ளையைக் கூப்பிட்டு வச்சு, வாப்பா இனிமே வர மாட்டாருன்னு சொன்னேன். அந்த வார்த்தையை நான் திருப்பி எடுக்க முடியல. இப்ப அவ அவருகிட்டப் போக மாட்டேங்குறா."

சொர்ணலதா மெல்ல உட்கார்ந்தாள்.

"மன்னிச்சுட்டேன்னு சொல்லத்தான் அவரு கூப்பிடச் சொன்னாரு. இன்னும் மனசு வரல," என்றாள் ஜொகரா. "வந்தா நானே கூப்பிடுறேன். நீங்க நம்பரை மாத்திடாதீங்க."